காயப்பட்ட வளர்ப்பு முயலைப் பேணுதல்: திருகோணமலை வீடுகளுக்கான வழிகாட்டி

திருகோணமலையில் முயல் வளர்ப்போர் பலர் அதனைப் பின்வளவில், மாமர நிழலிலோ கிணற்றடிச் சுவரோரத்திலோ, கம்பிவலைக் கூட்டில் வைத்திருக்கிறார்கள். தெருநாய் கூட்டை இழுத்துப் பிரிப்பதும், இரண்டு ஆண் முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் கிழிப்பதும், பிள்ளைகளின் கையிலிருந்து முயல் துள்ளிச் சீமெந்துத் தரையில் விழுவதும், கம்பியில் நகம் மாட்டி உடைவதும் இங்கு வழக்கமாக நேரும் விபத்துகள். வளர்ப்பவரின் கண் உடனே காயத்தின்மீது செல்கிறது, அது இயல்பே. ஆயினும் காயப்பட்ட முயல்கள் பல, காயத்தினால் அன்றி, அதன் பின்னால் வரும் அதிர்ச்சியாலும், உணவை நிறுத்துவதால் குடல் இயக்கம் நின்றுபோவதாலும், காயத்தில் ஈ முட்டையிடுவதாலும் இறக்கின்றன. ஆகவே காயத்துக்கு மருந்து தேடுவதோடு இம்மூன்றையும் தடுப்பதில் எந்நேரமும் கவனம் இருக்கவேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தூக்குவதற்கு முன்

முயல் இரையாகும் விலங்கு; வலியை வெளியில் காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். அது கத்தவில்லை, அசையாமல் இருக்கிறது என்பதற்காக வலி இல்லை என்று எண்ணக்கூடாது. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருத்தல், கண்களைப் பாதி மூடியிருத்தல், காதுகளைப் பின்னோக்கி இறுக்கி வைத்தல், பற்களைச் சத்தமாக நறநறவெனக் கடித்தல் ஆகியவை வலியின் அடையாளங்கள். தடவிக் கொடுக்கும்போது முயல் மகிழ்ச்சியில் பற்களை மெல்ல உரசுவதும் உண்டு. அது மிக மென்மையான ஓசை, உடல் தளர்ந்திருக்கும். இரண்டையும் ஒருமுறை கேட்டவர் பிறகு குழம்பமாட்டார்.

முயலின் எலும்புக்கூடு மிக இலேசானது. பின்னங்கால் தசைகளோ மிக வலியவை. பிடிக்கும்போது அது திமிறிப் பின்னங்கால்களை உதறினால், அந்த உதறலின் விசையிலேயே அதன் இடுப்பு முதுகெலும்பு முறியக்கூடும். எனவே துரத்திப் பிடிக்கவேண்டாம். ஒரு துவாயை மெதுவாக அதன்மேல் போட்டு, ஒரு கையை மார்பின் கீழும் மறுகையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, முயலின் உடல் உங்கள் உடலோடு அணைந்திருக்கத் தூக்குங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது எக்காலத்திலும் தவறு. மல்லாக்கப் படுக்கவைத்தால் முயல் அசையாமல் கிடக்கும் என்பதைக் கண்டு சிலர் அதனை அமைதி என்று கருதுகிறார்கள். உண்மையில் அது அச்சத்தில் உறைந்துபோன நிலை. காயப்பட்ட முயலுக்கு அந்த அச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

முதல் சில நிமிடங்கள்

இரத்தம் வடிந்தால் அதனை நிறுத்துவதே முதல் வேலை. சுத்தமான பருத்தித் துணியையோ கோஸ் துணியையோ காயத்தின்மேல் வைத்து, ஐந்து நிமிடங்களுக்குக் குறையாமல், இடையில் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணியை வைக்கவேண்டும். முதல் துணியை உரித்தால் உறைந்த இரத்தமும் கூடவே பெயர்ந்துவிடும். நகம் மட்டும் உடைந்து இரத்தம் கசிந்தால் சோளமாவில் விரல்நுனியை அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் போதும்.

அடுத்து, மேலுதட்டைச் சற்று உயர்த்தி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. முற்றாக வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலும், காதுகள் சில்லிட்டிருந்தாலும், தொட்டும் முயல் அசைவற்றுக் கிடந்தாலும் அது அதிர்ச்சி நிலையில் உள்ளது. காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் அவ்வாறே ஆபத்தான அறிகுறி. முயல் மூக்கால் சுவாசிக்கும் விலங்கு. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சுவிடும்.

பின்னங்கால்கள் இழுபட்டால் அல்லது ஒரு கால் தவறான கோணத்தில் தொங்கினால், மூங்கிற் குச்சியும் துணியும் கொண்டு நீங்களே கட்டுப்போட முயலவேண்டாம். திரும்ப மட்டும் இடமுள்ள சிறிய காட்போட் பெட்டியில் மடித்த துவாயை விரித்து, அதில் முயலை வைத்து மூடி, காற்றுத் துளைகள் இட்டு, இருட்டாகவும் சத்தமின்றியும் வைத்திருப்பதே வீட்டில் செய்யத்தக்க மிகச் சிறந்த முதலுதவி. தொலைக்காட்சி, நாய், பார்க்க வரும் அயல்வீட்டுப் பிள்ளைகள் என எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து விலக்குங்கள்.

சூடு கொடுப்பதா, குளிரவைப்பதா

குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் எல்லாம் காயப்பட்ட முயலைச் சூடாக வைத்திருக்கச் சொல்கின்றன. அதனை அப்படியே இங்கு பின்பற்றினால் விபரீதம் நேரலாம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடுகிறது. முயலுக்கோ 30 பாகையைத் தாண்டும்போதே வெப்பம் தாங்க முடியாததாகிறது. அதற்கு வியர்த்து ஆறும் வசதி கிடையாது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேற்றுகிறது.

ஆகவே நாட்காட்டியை நம்பாமல் முயலின் காதைத் தொட்டு முடிவு செய்யுங்கள். காது சில்லிட்டிருந்தால், மார்கழி வாடைக் காற்றிலோ மழையில் நனைந்த முயலிலோ இது நேரும், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி, முயல் வேண்டுமென்றால் விலகிச் செல்லத்தக்கவாறு பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். காது கொதித்து, மூச்சு வேகமாகி, மூக்கைச் சுற்றி ஈரமாக இருந்தால் அது வெப்பத் தாக்கம். குழாய்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதுகளை ஒற்றி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவது உயிருக்கே ஆபத்து. மின்விசிறி அறையில் சுழலலாம். நேரே முயலின் முகத்தில் அடிக்கக்கூடாது.

காயத்தைக் கழுவுதல்

முயலின் தோல் மெல்லியது, இழுத்தால் கிழியும். உரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது தோலும் மடிந்து கத்திக்குள் வந்துவிடுவதால், காயத்தைச் சுற்றிய மயிரை வெட்டும் வேலையை வைத்தியரிடம் விடுவது நல்லது. நீங்கள் செய்யவேண்டியது கழுவுதல் மட்டுமே. பாமசியில் வாங்கிய சேலைன் நீர் சிறந்தது. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். முழு முயலையும் குளிப்பாட்டவேண்டாம். நனைந்த முயல் அதிர்ச்சியடைந்து விறைத்துப்போகும். அதன் உரோமம் உலரவும் நீண்ட நேரம் எடுக்கும்.

எங்கள் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் முதலில் வரும் ஆலோசனை, "மஞ்சளை அப்பி விடுங்கோ" என்பதே. சொல்பவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் திறந்த காயத்தில் அப்பிய தூள் காய்ந்து பொருக்காகி, உள்ளே இருக்கும் அழுக்கையும் சீழையும் மறைத்துவிடும். முயல் அதனை நக்கியும் விடும். டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் ஆகியவை காயத்தின் இளந்திசுக்களை எரித்து ஆறுவதைத் தாமதப்படுத்தும். மனிதர்க்கான வலித் தைலங்களையும் அருகில் கொண்டுவரவேண்டாம்.

நாயோ பூனையோ கடித்திருந்தால்

பூனையின் பல் பதிந்த இடம் ஊசித் துளை அளவே தெரியும். உள்ளே அது ஆழமாகச் சென்று, பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற பற்றீரியாக்களை விதைத்துவிடும். மேலே துளை மூடிக்கொள்ள உள்ளே தொற்றுப் பரவும். எனவே கடிபட்ட முயல் நன்றாக ஓடித் திரிந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். உரோமத்துக்குள் விரல்களைச் செலுத்தி, கழுத்து, முதுகு, வயிறு என ஒவ்வோர் இடமாகத் தடவிப் பாருங்கள். ஒரு துளை கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடவேண்டும்.

கடித்தது தெருநாயானால் உங்களைப் பற்றியும் யோசியுங்கள். முயலின் உரோமத்தில் நாயின் எச்சில் இருக்கும்; கையுறை அணிந்தே தொடுங்கள். முயலை மீட்கும்போது நாய் உங்களைக் கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ, அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்காக அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வலியில் முயல் உங்களைக் கடித்தாலும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்புத் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள்.

வைத்தியரிடம் செல்லுதல்

அரச மிருக வைத்திய அலுவலகங்களில் வேலையின் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி ஆகியவற்றோடுதான். ஆகவே முயல் வாங்கிய வாரத்திலேயே, அரச அலுவலகமாயினும் தனியார் சிகிச்சை நிலையமாயினும், முயலுக்குச் சிகிச்சை அளிப்பார்களா என்று கேட்டுத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். சனி, ஞாயிறு, போயா தினங்களில் அரச அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால் இரண்டாவது எண் ஒன்றும் தேவை. சிக்கலான எலும்பு முறிவென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். ஹபரணை, தம்புள்ளை வழியாகச் செல்லும் அந்த நீண்ட பயணத்தை முயல் தாங்குமா என்பதை இங்குள்ள வைத்தியரிடமே முதலில் கேளுங்கள்.

எங்கு சென்றாலும் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் புறப்படுவது நல்லது. அவசரமென்றால் நேரம் பார்க்கவேண்டாம். காது சில்லிட்டிராவிட்டால் உறைந்த நீர்ப்போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைத்து, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுசெல்லும்போது, முறிந்த எலும்பு ஒவ்வொரு குழியிலும் அசையும்.

வைத்தியரிடம் தயங்காமல் பேசவேண்டிய விடயம் ஒன்று உண்டு. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளின்டமைசின், லின்கொமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியாகக் கொடுத்தால், முயலின் பெருங்குடற் பையிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் அழிந்து, நச்சுப் பற்றீரியாக்கள் பெருகி, சில நாட்களில் முயல் வயிற்றோட்டத்தில் இறக்கக்கூடும். வீட்டில் மிஞ்சியிருக்கும் பிள்ளையின் அமொக்சிசிலின் பாணியைக் கொடுப்பது அந்த முயலைக் கொல்வதற்குச் சமம். என்ரோபுளொக்சசின், றைமெதோபிரிம்-சல்பா போன்றவை முயலுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. "டொக்டர், இது முயலுக்கு வாயால் குடுக்கலாமோ?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வலிக்கு வைத்தியர்கள் மெலொக்சிகாம் கொடுப்பது வழக்கம். அளவை அவரே நிறைப்படி தீர்மானிக்கவேண்டும். பனடோலை நீங்களே உடைத்துக் கரைத்துக் கொடுக்கவேண்டாம்.

சத்திரசிகிச்சை என்றால், முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொல்லும் வழக்கம் நாய்க்கும் பூனைக்கும் உரியது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. பட்டினி அதன் குடலை நிறுத்திவிடும். இதனையும் முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பிட வைத்தல்

பராமரிப்பின் கடினமான பகுதி இதுதான். புதியவர்கள் தவறவிடுவதும் இதனையே. முயலின் குடல் இடைவிடாது நார்ப்பொருளால் தள்ளப்பட்டு இயங்குவது. வலியாலோ அச்சத்தாலோ அது உண்பதை நிறுத்தினால் குடல் மந்தமாகி, உள்ளிருப்பவை காய்ந்து இறுகி, வாயு நிரம்பி, அந்த வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கும். 12 மணிநேரம் எதுவும் உண்ணாத முயல் அவசர நோயாளி. பெட்டியில் வெள்ளைத் துணியோ பழைய செய்தித்தாளோ விரித்து, புழுக்கைகளைக் காலையும் மாலையும் பாருங்கள். உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் நார் தெரிபவையாக இருந்தால் குடல் நலமாக உள்ளது. அவை சிறுத்தும், கறுத்தும், எண்ணிக்கையில் குறைந்தும் வரத் தொடங்குவது, முயல் முற்றாக உணவை நிறுத்துவதற்கு முன்னரே தெரியும் எச்சரிக்கை.

உலர்புல் எங்கள் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. பூச்சிமருந்து தெளிக்காத இடத்தில் வெட்டிய அறுகம்புல்லும் கினிப்புல்லும் அதற்கு ஈடாகும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து மாட்டுக்காரரிடம் கேட்டால் வளர்ப்புப் புல் கிடைக்கலாம். தெருவோரத்தில் நாய் சிறுநீர் கழிக்கும் இடத்துப் புல்லை எடுக்கவேண்டாம். நோயுற்ற முயல் வாசனை மிகுந்த தழையை விரும்பும். கொத்தமல்லித்தழை, புதினா, முருங்கை இலை, வல்லாரை ஆகியவற்றைக் கழுவி ஈரத்தோடு மூக்கருகே நீட்டிப் பாருங்கள். கரட்டும் வாழைப்பழமும் சிறு துண்டு மட்டுமே. சோறு, பாண், பிஸ்கற் ஆகியவை மாப்பொருள் மிகுந்தவை. அவை குடலைக் குழப்பும். கோழித்தீனியில் கலக்கப்படும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு என்பதால் அதனையும் கொடுக்கக்கூடாது.

முயல் தானாக உண்ணாவிட்டால், வயிறு கல்லாக இறுகியோ ஊதியோ இருக்கவில்லை என்று வைத்தியர் உறுதிசெய்த பின்னர், சிரிஞ்சினால் ஊட்டலாம். முயல் தீனி உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, நன்கு மசித்து, சிரிஞ்சு வழியாக இறங்கும் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். உப்போ சீனியோ சேர்க்காத அவித்த பூசணிக்காய் மசியலைச் சிறிது கலக்கலாம். முயலைத் துவாயில் சுற்றி, நான்கு காலும் தரையில் படும்படி நிமிர்ந்து இருக்கவையுங்கள். முன்பற்களுக்குப் பின்னால் கன்னப்பக்கம் பல்லில்லாத இடைவெளி உண்டு. அங்கே சிரிஞ்சின் நுனியைப் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு தடவைக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர் வரை விடுங்கள். மென்று விழுங்கிய பின்னரே அடுத்தது. தலையை அண்ணாக்கப் பிடித்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 10 மில்லிலீற்றர் என்ற கணக்கில் நாளுக்கு நான்கைந்து வேளை கொடுத்து, வைத்தியர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நீரைப் போத்தலில் வைப்பதோடு கனமான மண்சட்டியிலும் வையுங்கள். பலவீனமான முயல் சட்டியிலேயே எளிதாகக் குடிக்கும்.

சிறுநீர் செம்மஞ்சளாகவோ செந்நிறமாகவோ வந்தால் உடனே பதற வேண்டியதில்லை. உண்ட இலைகளிலுள்ள நிறமிகளால் அவ்வாறு நேரும். ஆனால் வெளிறிய சிறுநீரில் சிவப்புத் திட்டுகளோ இரத்தக்கட்டிகளோ தனியாகத் தெரிந்தால் அது காயத்தின் விளைவாக இருக்கலாம்.

ஈ

ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்களில், அதிலும் அயலில் கருவாடு காயவைக்கும் கரையோரப் பகுதிகளில், திறந்த காயத்தையும் சிறுநீரில் நனைந்த பின்புறத்தையும் நாடி ஈ வந்துவிடும். முட்டைகள் ஒரு மில்லிமீற்றர் அளவான நீளத்தில், வெளிறிய மஞ்சள் நிறத்தில், மயிரின் அடிப்பகுதியில் கொத்தாக ஒட்டியிருக்கும், தட்டினாலும் விழமாட்டா. ஒரு நாளுக்குள் அவை பொரித்துப் புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னத் தொடங்கும். நலமான முயலைக்கூட இது ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

எனவே காயம் ஆறும்வரை முயல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். பெட்டியின்மேல் நுளம்பு வலையை விரித்து ஓரங்களைச் செருகிவிடுங்கள். நுளம்புத்திரியை அந்த அறையில் கொளுத்தவேண்டாம், அதன் புகை முயலின் சுவாசத்துக்குக் கூடாது. காலையும் மாலையும் வாலடியையும் காயத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முட்டைகளைப் பேன்சீப்பினால் வாரி எடுக்கலாம். புழு தெரிந்தால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வைத்தியரிடம் புறப்படுங்கள். மேலே தெரிவதைவிட உள்ளே கூடுதலாக இருக்கும். நாய்க்கு உண்ணி போக்க வாங்கிய பிப்ரோனில் தெளிப்பானை முயலுக்குப் பயன்படுத்தவே கூடாது. அது முயலைக் கொல்லும்.

கூடு, கட்டு, துணை

கம்பித்தரை குணமாகும் முயலுக்கு ஆகாது. பாதத்தில் புண் வரும். துவாயோ சுத்தமான வைக்கோலோ விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். பின்னங்கால் இயங்காத முயலின் அடிவயிற்றைச் சிறுநீர் அரித்துவிடும் என்பதால், ஈரத்துணியால் துடைத்து முற்றாக உலர்த்தவேண்டும். கட்டு நனைந்தாலும், அதற்குக் கீழே பாதம் வீங்கினாலும் குளிர்ந்தாலும் அன்றே அவிழ்க்கச் செய்யுங்கள்.

தையலை முயல் கடித்துப் பிரிக்காதிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டி போட்டால், அது தன் மென்புழுக்கைகளை உண்ண இயலாமற் போகிறது. முயல் தன் பின்புறத்திலிருந்தே வாயால் எடுத்து உண்ணும் அந்த மென்புழுக்கைகள் அதற்கு வேண்டிய ஊட்டச்சத்தின் ஒரு பகுதி. ஆகவே பட்டி தவிர்க்க முடியாததா என்று கேளுங்கள்; போட்டே ஆகவேண்டுமென்றால் நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும் நேரங்களில் கழற்றலாமா என்றும் கேளுங்கள். ஒன்றாக வளர்ந்து இணங்கிய துணை முயலைக் கண்ணில் படும் தூரத்தில் வைத்திருந்தால் நோயாளி விரைவில் உண்ணத் தொடங்கும். சண்டையில் காயப்பட்டதென்றால் இரண்டையும் பிரித்து வைத்து, விதை நீக்கம் பற்றி வைத்தியரிடம் பேசுங்கள். விதை நீக்காத இரண்டு வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் ஒரே கூட்டில் மீண்டும் சேரமாட்டா.

தையல் பிரித்து, மயிர் முளைத்துவிட்ட பின்னரும் சில வாரங்களுக்குப் பழைய காயத்தின்மீது விரலை ஓட்டிப் பாருங்கள். முயலின் சீழ் நீராக வடியாது. பற்பசை அளவுக்குத் தடித்து, தோலுக்கடியில் உருண்டையாகத் திரளும். அதனைப் பிதுக்கி வெளியேற்ற முடியாது. உறையோடு சேர்த்து வைத்தியர் அகற்றினாலேயே மீண்டும் வராமலிருக்க வாய்ப்புண்டு. கட்டி சிறிதாக இருக்கும்போதே கொண்டுபோனால் அறுவையும் சிறிதாகவே முடியும்.